மூன்றாவது வரிசையில் அடித்த ஃபோன்

பரமேஸ்வரன் இறந்து முப்பத்து மூன்று நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அவருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.

'பரமேஸ்வரன் அங்கிள், உங்கள் டயாலிசிஸ் வண்டி இன்று 1:45-க்கு வரும். வருவதானால் 1, இல்லையென்றால் 2.'

ஃபோன் அலமாரி மேல் சார்ஜரில் கிடந்தது. தாமரை எடுத்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா உஷாராணி தலைவாரியபடியே கேட்டாள்.

"யாருடி? அப்பா ஃபோன்தானே சத்தம் போட்டுச்சு?"

"யாருமில்லம்மா. விளம்பரம்."

"செத்தவருக்கு என்னடி விளம்பரம்? அதை அணைச்சுத் தொலையேன். காசு கட்டி ரீலோட் வேற போடற."

தாமரை ஃபோனை மறுபடி சார்ஜரில் செருகினாள். அந்தச் செய்தியின் வாசகம் அவள் எழுதியது. அனுப்பியது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். கிஷன்.

தாமரைக்கு இருபத்திரண்டு வயது. வீடு கிள்ளான் பண்டமாரானில். பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் மென்பொருள் மூன்றாம் ஆண்டு. விடிந்ததும் கொமியூட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் ஒரு பாடத்தைப் படித்து முடித்துவிடுவாள். பேச்சில் சிக்கனக்காரி. "இவ வாயிலேர்ந்து ஒரு வார்த்தை எடுக்க நம்ம ஃபோர்க்லிஃப்டைக் கொண்டாரணும்லா" என்பார் அப்பா. அவர் போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் இருபத்தாறு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவர். சர்க்கரை வந்தது. பிறகு சிறுநீரகம் போனது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். அவரையும் இன்னும் நாலு பேரையும் நாகையா தன் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். நாகையாவுக்கு எல்லா வேலையும் வாய்ச்சொல்தான். யார் வருகிறார், யார் வரவில்லை, எந்த முனையில் நிற்கிறார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பதற்குள் ஒருவராவது வெயிலில் அரைமணி நேரம் நிற்பார்.

அதிலிருந்துதான் யோசனை வந்தது. வண்டி எப்போது வரும் என்று நோயாளிக்கு ஒரு செய்தி. அவர் ஒரு எண்ணை அழுத்தினால் போதும். ஸ்மார்ட்ஃபோன் கூட வேண்டாம். கல்லூரியில் கிஷன் ஹேக்கத்தானுக்கு ஆள் தேடியபோது, அதாவது சில நாட்களில் ஒரு செயலியைச் செய்து மேடையில் காட்டும் மாணவர் போட்டிக்கு, தாமரை இதைச் சொன்னாள். கிஷன் பெட்டாலிங் ஜெயாக்காரன். செய்தி வாசிப்பவன் போலப் பேசுவான். நிரல் எழுதச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவான். வகுப்புத்தோழி புனிதாவும் சேர்ந்தாள். மூன்று பேர். செயலிக்குப் பெயர் 'வண்டி ரெடி'.

சோதித்துப் பார்க்க ஒரு உண்மையான எண் தேவைப்பட்டது. தாமரை அப்பாவின் எண்ணைப் பட்டியலில் போட்டாள். இறுதிச்சுற்றுக்கு முந்தின வாரம் முழுக்க அவருக்குச் செய்திகள் போயின. ஒவ்வொன்றும் 'சோதனை' என்ற சொல்லோடு தொடங்கும். அவர் சாப்பிட்டுக்கொண்டே 1 அழுத்துவார். "சோதனை வந்துச்சுமா. பாஸா?" என்று கேட்பார். "பாஸ்" என்பாள்.

போட்டியின் இறுதிச்சுற்று ஒரு சனிக்கிழமை. தாமரை காலையில் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "மேடையில இருப்பேன்ப்பா. கூப்பிடாதீங்க."

மேடையில் கிஷன் பேசினான். திரையில் பரமேஸ்வரனின் படம் பெரிதாகத் தெரிந்தது. வீட்டு கேட்டில் சாய்ந்து சிரிக்கும் படம். இந்த மாதிரிப் போட்டிகளில் அது ஒரு வழக்கம். செயலியால் பயனடையப்போகிறவர் என்று ஒரு முகத்தை முதலில் காட்ட வேண்டும். கிஷன் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினான். ஒரு நிமிடத்துக்குள் திரையில் பதில் விழுந்தது. 'பரமேஸ்வரன்: 1. வருகிறேன்.' அரங்கமே கைதட்டியது. தாமரையும் தட்டினாள்.

இரண்டாம் பரிசு. இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து கேடயத்தை அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டயாலிசிஸ் போயிட்டு வந்தீங்களா?"

"ம்."

"களைப்பா இருக்கீங்க."

"அது எப்பவும் உள்ளதுதானேமா. இதுல என் பேரு போடலையா?"

திங்கட்கிழமை விடியற்காலை மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சிம்பாங் லீமாவில் தகனம் முடிந்து கைகழுவும் இடத்தில் நாகையா தாமரையிடம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"சனிக்கிழமை நான் வரலைம்மா. உங்கப்பாதான் ஃபோன் போட்டு வர வேணாம்னாரு. 'இன்னைக்கு என் பொண்ணு வண்டி வருது நாகையா, நீ மத்தவங்களைக் கூட்டிட்டுப் போ'ன்னாரு. குரல்ல அப்படி ஒரு மிதப்பு. நான் சாயங்காலம் திரும்பி வர்றப்ப கேட்ல நின்னுக்கிட்டிருந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் உள்ள போயிட்டாரு."

அன்று இரவு தாமரை அப்பாவின் ஃபோனைத் திறந்தாள். சனிக்கிழமை, 12:07. அந்தச் செய்தியில் 'சோதனை' என்ற சொல் இல்லை.

பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். குழுவாக நிரல் எழுதும்போது யார், எந்த நிமிடத்தில், எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகிவிடும். சனிக்கிழமை 11:52. மாற்றியவர்: கிஷன். குறிப்பு: 'வாசகம் சுத்தம் செய்யப்பட்டது.' அழிந்தது ஒரே ஒரு சொல்.

கிஷன் மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தான். ஒரு டின் பிஸ்கட் கொண்டு வந்தான். காப்பி குடித்தான். "அங்கிள் நல்ல மனுஷன்" என்றான். தாமரை அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் எண்ணைப் பட்டியலில் போட்டது அவள்தானே. ஒரு வாரம் கழித்துக் குழுவிலிருந்து விலகுவதாக ஒரு வரி எழுதி அனுப்பினாள். அவன் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டான்.

இப்போது முப்பத்து மூன்றாம் நாள், அவன் மறுபடியும் அனுப்பியிருக்கிறான்.

மாலையில் புனிதா ஒரு வீடியோ அனுப்பினாள். அவளும் கிஷனை விட்டுவிட்டு வேறொரு குழுவோடு காஜாங் பக்கம் ஒரு ஹேக்கத்தானுக்குப் போயிருந்தாள். 'இதைப் பாரு. பார்த்துட்டு என்னைத் திட்டாத.' மேடையில் கிஷன். பின்னால் திரையில் கேட்டில் சாய்ந்து சிரிக்கும் பரமேஸ்வரன். "இவர் பரமேஸ்வரன் அங்கிள். நாங்கள் வந்த பிறகு ஒரு டயாலிசிஸ் கூடத் தவறவிட்டதில்லை" என்றான் ஆங்கிலத்தில். பொத்தானை அழுத்தினான். திரையில் பதில் வந்தது. 'பரமேஸ்வரன்: 1. வருகிறேன்.' கைதட்டல்.

ஃபோன் தாமரையின் கையில் இருந்தது. அவள் எதையும் அழுத்தியிருக்கவில்லை.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினாள். அனுப்பிச் சரியாக ஐந்து நொடி. பதில் வராவிட்டால் ஐந்தாவது நொடியில் தானாகவே 1 விழும்படி எழுதியிருக்கிறான். அவன் தண்ணீர் குடிக்கப் போகாமல் எழுதிய ஒரே நிரல் அதுவாகத்தான் இருக்கும்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உஷாராணி முழுவதையும் கேட்டாள். "அந்த பிஸ்கட்டை நான் தின்னேன்டி" என்றாள் கடைசியில்.

மறுநாள் தாமரை புனிதாவைக் கூப்பிட்டாள்.

"ஏற்பாட்டாளருக்கு ஒரு மெயில் போடு, முடிஞ்சுது" என்றாள் புனிதா.

"போட்டா தகுதி நீக்கம் பண்ணுவாங்க. அடுத்த மாசம் வேற இடத்துக்குப் போவான். மேடையில சொன்ன பொய் மேடையிலயே உடையணும். எங்கப்பா அந்தத் திரையிலேர்ந்து இறங்கணும்."

"சரி, பார்வையாளரா போய் உக்காந்து கத்திடலாம்."

"கத்தினா, 'பாவம், அப்பா செத்த பொண்ணு'ன்னு தண்ணி குடுத்து வெளிய உக்கார வைப்பாங்க. நான் ஃபைனலுக்கு வரணும். அவனுக்குப் பக்கத்துல. அதே வேலையை ஒழுங்கா செஞ்சு காட்டணும்."

"நமக்கு மேடையில பேச வராதே."

"கத்துக்கலாம்."

ஹேக்கத்தானில் என்ன கற்கலாம் என்று மாணவர்கள் வழக்கமாக யோசிப்பதில்லை. டீ-ஷர்ட் வாங்குவார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பீட்சா தின்பார்கள், விடிய விடிய விழித்திருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். தாமரை அங்கே பிடுங்க முடிந்த எல்லாவற்றையும் பிடுங்கப் போனாள்.

முதலில் சைபர்ஜெயா. இருபத்து நாலு மணி நேரம் தூங்காமல் ஏழு வசதிகள் செய்தார்கள். மேடையில் ஆறு வேலை செய்யவில்லை. ஏழாவதைக் காட்டுமுன் நேரம் முடிந்தது. திரும்பும் வழியில் தீர்மானித்தாள். இனி ஒரே ஒரு காரியம். மேடைக்கு நாலு மணி நேரம் முன்னால் நிரலைத் தொடக் கூடாது. அந்த நேரம் தூங்கவும் பேசிப் பழகவும். கடைசி நிமிடத்தில் சுத்தம் செய்கிறேன் என்று கை வைத்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது செமினி. அங்கே போட்டிக்கு முன்பே மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கினாள். கேட்டால் தருவார்கள். யாரும் கேட்பதில்லை. நூறில் நிரலுக்கு இருபதுதான். யாருக்குப் பயன், நாளைக்கும் இது ஓடுமா என்பதற்கு அறுபது. அதனால் முதல் இரண்டு மணி நேரம் மடிக்கணினியைத் திறக்கவில்லை. மேசை மேசையாகப் போய் ஆலோசகர்களிடம், "எங்க யோசனை எங்க உடையும்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி சிரித்தாள். "எல்லாரும் நல்லா இருக்கான்னு கேப்பாங்க. நீதான் எங்க உடையும்னு கேக்கற." ஒரு மணி நேரம் உடன் உட்கார்ந்து உடைத்துக் காட்டினாள். அன்று நாலாம் இடம்.

மூன்றாவது போட்டியில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் தன் குறுஞ்செய்திச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனிப் பரிசு வைத்திருந்தது. எல்லாரும் பெரிய கேடயத்தையே பார்த்ததால் அதற்குப் போட்டியிட்டது இரண்டே குழுக்கள். தாமரை குழு ஜெயித்தது: ஒரு வருஷத்துக்கு இலவசச் செய்திகள். கேடயத்தை வைத்துக்கொண்டு எந்த நோயாளிக்கும் செய்தி அனுப்ப முடியாது. இதை வைத்து முடியும். அன்று சந்தித்தவர்கள் எல்லாருக்கும் திங்கட்கிழமையே ஒரு வரி எழுதினாள். பதில் போட்டவர்கள் மூன்று பேர். மூவரையும் விடவில்லை.

இதற்கிடையில் அப்பாவின் ஃபோன் இன்னும் மூன்று முறை சத்தம் போட்டது. ஒவ்வொன்றும் ஒரு சனிக்கிழமை. ஒவ்வொரு முறையும் அவள் எதையும் அழுத்தவில்லை. தேதியை மட்டும் குறித்துக்கொண்டாள்.

அக்டோபரில் வந்தது கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவர்களுக்கான பெரிய போட்டி. தலைப்பு மருத்துவம். இடம் பிரிக்பீல்ட்ஸ், ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடி அரங்கம். பெயர்ப் பட்டியலில் 'வண்டி ரெடி, தலைவர்: கிஷன்' என்று இருந்தது. முப்பது குழுக்கள். சனிக்கிழமை மதியம் ஆறு குழுக்கள் மேடை ஏறும். கிஷன் நாலாவது. தாமரையும் புனிதாவும் ஐந்தாவது.

இறுதிக்கு வந்தவர்களுக்கு முன்வரிசைகள். தாமரை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் அப்பாவின் ஃபோன். சத்தம் முழுமையாக வைத்திருந்தாள்.

"நேரம் போதுமாடி உனக்கு" என்றாள் புனிதா.

"ஐஞ்சு நொடிக்குள்ள அழுத்தணும். போதும்."

கிஷன் மேடை ஏறினான். புதுக் கோட்டு. திரையில் பரமேஸ்வரன் சிரித்தார். தாமரை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அதை எடுத்தவள் அவள். வெயில் கண்ணில் அடிக்கிறது, சீக்கிரம் எடு என்று அவர் சொன்னது நினைவிருந்தது.

"பரமேஸ்வரன் அங்கிள் இப்போது கிள்ளானில் தன் வீட்டு வாசலில் இருக்கிறார். போன வாரம்கூடப் பேசினேன். இப்போது அவருக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறேன்."

அழுத்தினான்.

மூன்றாவது வரிசையில் ஃபோன் ஒலித்தது. தாமரை 2 அழுத்தினாள்.

திரையில் எழுத்து விழுந்தது. 'பரமேஸ்வரன்: 2. வரவில்லை.'

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. கிஷன் திரையைத் திரும்பிப் பார்த்தான். கோட்டின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். "நெட்வொர்க்... சில நேரம் இப்படி ஆகும்" என்றான்.

நடுவர் மூவரில் ஒருவர் புஷ்பவல்லி. டயாலிசிஸ் தாதியாக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கை இழுத்துக்கொண்டார். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் தமிழுக்கு மாறினார்.

"நெட்வொர்க் இல்ல தம்பி. பதில் வந்திருக்கு. நோயாளி வரலைங்கறாரு. வரலைன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"உடனே கூப்பிட்டு விசாரிப்போம், மேடம்."

"கூப்பிடுங்க."

"இப்பவா மேடம்?"

"டயாலிசிஸுக்கு வரலைன்னு ஒருத்தர் சொன்னா வேற எப்பக் கூப்பிடறது?"

கிஷன் மடிக்கணினியைக் குனிந்து பார்த்தான். திரையில் பச்சை நிறத்தில் 'அழை' என்ற பொத்தான் இருந்தது. அவன் காட்டிக்கொள்வதற்காக வைத்த பொத்தான். ஆனால் வேலை செய்யும். அதையும் தாமரைதான் எழுதியிருந்தாள். அழுத்தினான்.

மூன்றாவது வரிசையில் சைக்கிள் மணி அடித்தது. கிடங்குச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று பரமேஸ்வரன் வைத்திருந்த மணி. நிற்காமல் அடித்தது. அரங்கம் திரும்பியது. தாமரை எழுந்து நின்று எடுத்தாள். அவள் குரல் கிஷனின் மடிக்கணினி வழியாக அரங்கத்து ஒலிபெருக்கியில் கேட்டது.

"ஹலோ. பரமேஸ்வரன் வர மாட்டாரு. மார்ச்சுல தகனம் பண்ணிட்டோம். நீயும் வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சே, கிஷன். நான் அவர் மகள். மூணாவது வரிசையில நிக்கறேன். அப்பா படத்தை இறக்கு."

வைத்தாள். உட்கார்ந்தாள்.

கிஷன் படத்தை இறக்கவில்லை, கை ஓடவில்லை. மேடை ஓரத்தில் நின்ற தொழில்நுட்பக்காரர் வந்து மடிக்கணினியின் வயரைப் பிடுங்கினார். திரை நீலமானது.

"இப்ப நம்ம டர்ன்டி" என்றாள் புனிதா.

தாமரை மேடைக்குப் போனாள். மூன்று நிமிடம். திரையில் யார் முகத்தையும் காட்டவில்லை. முதல் வாக்கியமாகச் செயலியின் விதியைச் சொன்னாள்: "ஓட்டுநர் கிளம்பிட்டேன்னு அழுத்தாத வரைக்கும் நோயாளிக்கு ஒரு எழுத்துகூடப் போகாது." திரையில் நாகையாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் 'இன்னும் கிளம்பவில்லை'. நாகையா உண்மையிலேயே அந்த நேரத்தில் கிளம்ப வேண்டியவர். சனிக்கிழமை ஓட்டம். ஆனால் ஓட்டத்தைத் தொடங்க வரும் வழியில் கோத்தா பாலத்தில் போக்குவரத்து நெரிசல். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இன்னொரு நடுவர் கேட்டார். "டெமோவுக்காக நீங்களே அழுத்தலாமே?"

"முடியும். செய்ய மாட்டேன்."

"ஆனா எதுவுமே நடக்கலையே?"

"வண்டி கிளம்பல. அதனால செய்தி போகல. இதுதான் டெமோ."

மணி அடித்தது. நேரம் முடிந்து தாமரை இறங்கினாள். பத்து நிமிடம் கழித்து, ஆறாவது குழு பேசிக்கொண்டிருந்தபோது, புனிதாவின் ஃபோனில் வரி வந்தது. 'நாகையா கிளம்பிவிட்டார். நான்கு பேருக்குச் செய்தி அனுப்பப்பட்டது.' அது நிஜமான நாலு பேர். யாரும் கைதட்டவில்லை.

முதல் பரிசு தெருப்பூனைகளுக்குத் தடுப்பூசி போடும் செயலிக்குப் போனது. கிஷனின் குழு விலக்கப்பட்டதாக ஒரு வரி அறிவிப்பு. தாமரைக்கு எதுவும் இல்லை. புஷ்பவல்லி போகிறபோது அவள் பக்கம் வந்து ஒரு சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார். "செவ்வாய்க்கிழமை எங்க டயாலிசிஸ் சங்கத்துக்கு வா. ஒன்பது வண்டி இருக்கு. அந்த ஓட்டுநர்ங்க உன்னை அழ வைப்பாங்க. பரவால்லையா?"

"பரவால்ல ஆன்டி."

மாடிப்படியில் கிஷன் நின்றுகொண்டிருந்தான். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"மெயில்ல சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன்லா தாமரை. எல்லார் முன்னாடியும் இப்படியா பண்ணுவ?"

"அந்த நம்பரை ஏன் வச்சிருந்தே?"

"மெசேஜ் போச்சுன்னு காட்ட உண்மையான நம்பர் வேணும். அங்கிள் தவறிட்டாரு. அதனால யாருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு..."

புனிதா "ஐயோ" என்றாள்.

தாமரை ஒரு படி கீழே இறங்கினாள். இப்போது அவன் கண்ணுக்கு நேராக நின்றாள்.

"முதல் போட்டி அன்னைக்கு நீ அனுப்பினியே, அதை நம்பி எங்கப்பா நாகையா அண்ணனை வர வேணாம்னு சொல்லிட்டாரு. ஒண்ணேமுக்காலிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்ல நின்னாரு. வராத வண்டிக்கு. எங்கிட்ட போயிட்டு வந்தேன்னு பொய் சொன்னாரு. பரிசு கெட்டுடக் கூடாதுல்ல. திங்கக்கிழமை போயிட்டாரு."

கிஷன் நெற்றியைச் சுருக்கினான்.

"அங்கிளுக்கு அது டெமோன்னு தெரியாதா?"

"'சோதனை'ன்னு போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் கோட்டை மறு கைக்கு மாற்றினான். பிறகு மிகச் சின்னக் குரலில், "நம்பரை உள்ள போட்டது நீதானே" என்றான்.

ஏழு மாதமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. அடுத்தவன் வாயிலிருந்து வந்தபோது அவள் எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை.

"ஆமா. நான்தான். 'சோதனை'ங்கற வார்த்தையைப் போட்டதும் நான்தான். எடுத்தது யாரு? லேப்டாப்பைத் திற."

"தாமரை..."

"திற."

படியிலேயே உட்கார்ந்து திறந்தான். அவள் சொல்லச் சொல்ல மாற்றங்களின் பதிவைப் பின்னோக்கி நகர்த்தினான். சனிக்கிழமை, 11:52, கிஷன். அந்த வரியைப் பார்த்தான். அது அவனுக்கு நினைவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. தாமரைக்கு அதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. மறந்தே போயிருக்கிறான்.

"திரையில பார்க்க அசிங்கமா இருந்துச்சு. அதான்..." என்றவன் முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்தான். கண்ணீர் நிற்கவில்லை. மறுபடியும் துடைத்தான்.

"நம்பரை அழி."

அழித்தான்.

"இப்ப அனுப்பு."

"யாருக்கு? லிஸ்ட்ல ஆளே இல்லையே."

"தெரியும். அனுப்பு."

அழுத்தினான். '0 பேருக்கு அனுப்பப்பட்டது' என்று வந்தது. தாமரை கையிலிருந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்து நொடி ஆனது. இன்னும் நின்றாள். ஃபோன் சும்மா இருந்தது.

"ஸாரி, தாமரை" என்றான் கிஷன்.

"அதை நீயே வச்சுக்க. 11:52. மறந்துடாத."

இறங்கிப் போனாள். கேஎல் சென்ட்ரல் வரைக்கும் புனிதா கூடவே நடந்தாள். நடைமேடையில் கேட்டாள்.

"அந்த ஃபோனை இனியும் வச்சிருக்கப் போறியா? இனிமே ஒண்ணும் வராதே."

"தெரியும்."

ரயிலில் உட்கார்ந்து அப்பாவின் செய்திப் பெட்டியைப் பார்த்தாள். ஒரே வாசகம் ஆறு முறை. கடைசியில் அவள் போட்ட 2. நடுவில் நாலும் பதில் இல்லாதவை. எல்லாவற்றுக்கும் முதலில், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை 12:08-க்கு அவரே அழுத்திய 1. ஷா ஆலம் தாண்டியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உஷாராணி ஷிஃப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். காலணியைக் கழற்றாமலே வாசலுக்கு வந்தாள்.

"இறக்கிட்டானா?"

"இறக்கியாச்சும்மா."

"எல்லாத்தையும் சொன்னியா? கேட்ல நின்னதை?"

"சொன்னேன்."

"அழுதானா?"

"ம்."

உஷாராணி தலையை ஆட்டினாள்.

"நல்லா அழட்டும்."

தாமரையின் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். பேட்டரி சிவப்பில் இருந்தது. அலமாரி மேல் வைத்து அவளே சார்ஜரைச் செருகினாள்.